இன்னொருவர் கையிலும் நடக்க வேண்டும்
சேதன இரசாயனம் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

உயர்தரம் முடித்து வந்தாறுமூலைக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விஞ்ஞானம் படிக்கப் போகிற பிள்ளைகள் வருஷா வருஷம் என் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். நான் வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் ஆய்வுகூடத்தில் வைக்கோல் கூழோடும் எரிசோடாவோடும் பல காலம் வேலை செய்தவன். அதன் பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சேதன இரசாயனம் சொல்லிக் கொடுத்தவன். இம்முறை வந்த ஒரு தம்பி கேட்டான்: "சேர், சமச்சீரற்ற தொகுப்பு என்று ஒரு துறை இருக்காம். அதில பேர் எடுக்க எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுத வேணும்?"

கேள்வி நல்ல கேள்விதான். அதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்தி, அவனுக்கும் அவனோடு வந்த தங்கச்சிமாருக்கும் இங்கே எழுதுகிறேன்.

1. கையிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிடுங்கள். விரலுக்கு விரல் பொருந்தும். இப்போது வலது கையை இடது கையின் மேல், இரண்டு உள்ளங்கையும் கீழே பார்க்க வையுங்கள். பெருவிரல்கள் எதிரெதிர்ப் பக்கம் போகும். நான்கு வெவ்வேறு கூட்டங்களைத் தாங்கும் காபன் அணு உள்ள மூலக்கூறும் இப்படித்தான். அதற்கும் அதன் ஆடி விம்பத்துக்கும் அணுக்கள் ஒன்று, பிணைப்புகள் ஒன்று, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது.

பிள்ளை பெற்ற வீட்டில் சதகுப்பை மணக்கும். ஸ்பியர்மின்ற் என்கிற புதினா இனத்துக்கு வேறு மணம். இரண்டிலும் மணப்பது கார்வோன் என்ற ஒரே சேர்வைதான். ஒன்றில் வலக்கை வடிவம், மற்றதில் இடக்கை வடிவம். நம்முடைய மூக்கு அந்த இரண்டையும் பிரித்தறிகிறது, ஏனென்றால் மூக்கில் உள்ள புரதங்களுக்கும் கை உண்டு. மருந்து போய்ச் சேரும் நொதியங்களுக்கும் அப்படியே. சாதாரணமாக ஆய்வுகூடத்தில் தொகுத்தால் இரண்டு கைகளும் பாதிக்குப் பாதி வரும். வேண்டிய கையை மட்டும் ஆக்குவதுதான் சமச்சீரற்ற தொகுப்பு. வரைவிலக்கணத்தைப் பாடமாக்க முன்னம், இதைக் கையாலும் மூக்காலும் அறிந்துகொள்ளுங்கள்.

2. பெயரையும் திசையையும் குழப்பாதீர்கள்.

நாம் கடலோரத்துப் பிள்ளைகள். சங்கு நமக்குத் தெரியும். வழமையாகக் கிடைப்பதை இடம்புரி என்கிறோம், அருமையாகக் கிடைத்து கோயிலில் வைத்துப் பூசிப்பதை வலம்புரி என்கிறோம். உயிரியல் நூலிலோ அந்த வலம்புரியை இடப்பக்கம் சுழல்வது என்று எழுதியிருப்பார்கள். யாரும் பிழை சொல்லவில்லை. சங்கைப் பிடிக்கும் விதமும் பார்க்கும் பக்கமும் வேறு.

மூலக்கூறுகளிலும் இதே சங்கடம் உண்டு. எல்-தார்த்தாரிக்கமிலம் முனைவாக்கிய ஒளியை வலப்பக்கம் திருப்பும். எல்-புரோலீன் இடப்பக்கம் திருப்பும். எல் என்றால் இடது என்று எண்ணியவர் முதல் நாளே வழுக்குவார். டி-எல் என்பது ஒரு முறை, கூட்டல்-கழித்தல் என்பது இன்னொரு முறை, ஆர்-எஸ் என்பது மூன்றாவது முறை. எந்த முறையில் சொல்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்.

3. குசினியில் இருப்பதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

"எங்களிட்ட என்ன சேர் இருக்கு?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது புளி. மீன் குழம்புக்குக் கரைக்கிற அந்தப் பழப்புளியின் புளிப்பு எல்-தார்த்தாரிக்கமிலம். இயற்கையே ஒரு கையை மட்டும் ஆக்கி வைத்திருக்கிறது. 1980 இல் அமெரிக்காவில் பாரி ஷார்ப்லஸும் யப்பானியரான சுற்றோமு கற்சுகியும் இதே அமிலத்தின் எசுத்தரைத் தைற்றேனியத்தோடு சேர்த்து, அலைல் அற்ககோல்களை ஒரு கை மட்டும் உள்ள எப்பொட்சைட்டுகளாக ஆக்கிக் காட்டினார்கள். 2001 இல் ஷார்ப்லஸ் நோபல் பரிசு பெற்றதற்கு அந்த வேலை பெரிய காரணம். அவருடைய அடுத்த பெரிய தாக்கத்துக்குக் கை கொடுத்தவை சிங்கோனாப் பட்டையிலிருந்து வரும் குயினீன் இனச் சேர்வைகள். அந்தச் சிங்கோனாவை வளர்க்கத்தான் 1861 இல் நம் மலைநாட்டில் ஹக்கலைத் தோட்டமே தொடங்கப்பட்டது.

புரோலீன் நம் எல்லார் உடம்பிலும் உள்ள அமினோ அமிலம். அது தனியே நின்று ஊக்கியாக வேலை செய்யும் என்பது 1970களிலேயே அச்சில் வந்த விஷயம். 2000 ஆம் ஆண்டில் பெஞ்சமின் லிஸ்ற்றும் கூட்டாளிகளும் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். 2021 இல் லிஸ்ற்றுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஏறக்குறைய முப்பது வருஷம் அந்த அறிவு நூலகத் தட்டில் கிடந்தது. பழைய கட்டுரைகளைத் தூசி தட்டிப் படியுங்கள்.

4. ஒரு சிறிய கட்டுரையை முழுதாகப் படியுங்கள்.

தம்பியின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் மாரியப்பன் பெரியசாமி என்ற பேராசிரியர் வேலை செய்தார். பெங்களூரில் எம். வி. பட் என்பவரிடம் ஆய்வு பயின்று, பின்னர் அமெரிக்காவில் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் எச். சி. பிரவுணோடு வேலை செய்தவர். பிரவுண் போரன் இரசாயனத்துக்காக 1979 இல் நோபல் பரிசு பெற்றவர். பைன் மரப் பிசினிலிருந்து வரும் பைனீனைப் போரேன் என்ற போரன் சேர்வையோடு சேர்த்து, ஒரு கை அற்ககோல்களை 1961 இலேயே ஆக்கிக் காட்டியவரும் அவர்தான்.

1991 இல் பெரியசாமியும் அவருடைய மாணவர் பாஸ்கர் காந்தும் அமெரிக்காவின் சேதன இரசாயன ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீளம் இரண்டே பக்கம். சோடியம் போரோஐதரைட்டு காபொட்சிலிக்கமிலத்தைத் தனியே அற்ககோலாகத் தாழ்த்தாது. அதோடு அயடீனைச் சேர்த்தால் தாழ்த்தும். சொன்னது அவ்வளவுதான்.

அது ஏன் பெரிய விஷயம்? அந்த வேலைக்கு அதுவரை பெரும்பாலும் பயன்பட்ட இலிதியம் அலுமினியம் ஐதரைட்டு தண்ணீர் பட்டால் தீப்பற்றக் கூடியது. போரேன் கரைசலைப் போத்தலில் வாங்கினால் விலையும் கூட, வைத்திருப்பதும் கஷ்டம். போரோஐதரைட்டும் அயடீனும் எந்த எளிய ஆய்வுகூடத்திலும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்திலேயே போரேன் பிறந்து, பிறந்த இடத்திலேயே வேலையை முடிக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து, 1993 இல், கொலராடோவில் ஏ. ஐ. மேயர்ஸின் கூட்டம் இதே சோடியை அமினோ அமிலங்களில் பயன்படுத்தி வெளியிட்டது. மேயர்ஸ் சமச்சீரற்ற தொகுப்பில் முன்னோடிகளில் ஒருவர். வலீனிலிருந்து வலினோல், பீனைல்அலனீனிலிருந்து பீனைல்அலனினோல் என்று, கை மாறாமல் அமினோ அற்ககோல்கள் வந்தன. சமச்சீரற்ற தொகுப்பில் பயன்படும் டேவிட் எவன்ஸின் ஒட்சசோலிடினோன் துணைகளுக்கும், உலோகத்தோடு இணையும் பிஸ்ஒட்சசோலின் என்ற ஈனிகளுக்கும் மூலப்பொருள் இந்த அமினோ அற்ககோல்கள்தான். இன்றைக்கும் உலகம் முழுக்கப் புது மாணவர்கள் அவற்றை ஆக்க இந்தச் சோடியை எடுக்கிறார்கள். ஐதராபாத்தில் எழுதிய இரண்டு பக்கம் யார் யாருடைய குடுவைக்குள்ளே நடக்கிறது என்று பாருங்கள்.

5. அயடீனின் நிறம் போகும் வரை பொறுத்திருங்கள்.

அமினோ அமிலத்தைத் தாழ்த்தும் அந்த வேலையைக் கிட்ட நின்று ஒரு தடவை பார்ப்போம். உலர்ந்த ரெற்றாஐதரோபியூரானில் போரோஐதரைட்டு வெள்ளைக் குழம்பாக நிற்கிறது. அமினோ அமிலத்தையும் போட்டு, குடுவையைப் பனிக்கட்டியில் இருத்துகிறோம். அயடீன் கரைசல் கடும் தேநீர்ச் சாயம் போல இருக்கும். அதைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, விழுந்த இடத்தில் மண்ணிறம் பரவி, அடுத்த கணம் மறைந்து வெளிறும். ஒவ்வொரு சொட்டுக்கும் குமிழி எழும். அந்தக் குமிழி ஐதரசன். பக்கத்தில் நெருப்புக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். முழுதும் விட்டு முடிந்தபின் 18 மணித்தியாலம் மீளொடுக்கிக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மிச்சப் போரேனை அழிக்க மெதனோலை மிக மெதுவாக விட வேண்டும். கலங்கலாக நின்றது அப்போது தெளியும்.

அவசரப்பட்டு அயடீனை ஒரேயடியாக ஊற்றிய பிள்ளை குடுவையையே இழக்கும். இந்தத் துறையில் பொறுமைதான் முதல் பாதுகாப்பு. கண்ணாடியும் கையுறையும் போடாமல் மேசைக்குக் கிட்டப் போகாதீர்கள்.

6. எங்கள் காற்றையும் வெக்கையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

நான் இளம் வயதில் ஓரிடத்தில் பயிலும்போது, ஒரு கீற்றோனைப் போரோஐதரைட்டால் தாழ்த்தச் சொன்னார்கள். விளைவு பாதிதான் வந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்றும் அப்படியே. "நூலில் உள்ள முறை சரியில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். எனக்கு மேலிருந்தவர் ஒன்றும் பேசாமல் போத்தலைத் திறந்து காட்டினார். மாரி காலத்துக் கடற்காற்றில் யாரோ மூடாமல் விட்ட போத்தல். உள்ளே தூள் சீனிக்கட்டி போல இறுகிக் கிடந்தது. புதுப் போத்தலில் செய்தபோது முறை சரியாகவே நடந்தது. நூலைக் குறை சொன்ன அந்த வரியை இன்றும் நான் அழிக்கவில்லை.

1848 இல் லூயி பாஸ்டர் சோடியம் அமோனியம் தார்த்தரேற்றின் பளிங்குகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வலக்கை, இடக்கை என்று கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். அந்த உப்பு ஏறக்குறைய 27 பாகை செல்சியஸுக்குக் கீழே பளிங்கானால்தான் இரண்டு கைகளும் தனித்தனிப் பளிங்காக வரும். அதற்கு மேலே இரண்டும் ஒரே பளிங்குக்குள் கலந்துவிடும். எங்கள் ஊரில் பகலில் 27 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. பாஸ்டர் வாழைச்சேனையில் இருந்திருந்தால் அந்தப் பளிங்குகளைக் கண்டிருக்க மாட்டார். ஆகவே வெப்பநிலையையும் ஈரப்பதனையும் போத்தல் திறந்த திகதியையும் எழுதுங்கள்.

பாஸ்டரின் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. பியோ என்ற முதிய விஞ்ஞானி அதை உடனே நம்பவில்லை. தன்னிடம் இருந்த அமிலத்தைக் கொடுத்து, தன் கண் முன்னாலேயே திரும்பச் செய்யச் சொல்லி, ஒளி திரும்புவதைத் தானே அளந்து பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். பாஸ்டர் அதற்குக் கோபிக்கவில்லை. உங்களையும் யாராவது "திரும்பச் செய்து காட்டு" என்று கேட்டால், அதை மரியாதையாக எண்ணிச் செய்து காட்டுங்கள்.

7. சிறிய எண்ணுக்கு வெட்கப்படாதீர்கள். அதைக் கூட்டியும் எழுதாதீர்கள்.

வில்லியம் நோல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மொன்சாண்டோ கம்பனியின் ஆலை ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். 1968 இல் ரோடியம் ஊக்கியால் அவர் பெற்ற கைமிகை 15 சதவீதம். அதாவது நூறு மூலக்கூறில் ஒரு கை 57.5, மறு கை 42.5. பார்ப்பவர்கள் சிரிக்கக்கூடிய எண். அதை மறைக்காமல் வெளியிட்டார். பொஸ்பீன் ஈனியை மாற்றி மாற்றி 95 சதவீதத்துக்குக் கொண்டு வந்தார், அது 97.5 க்கு 2.5. பாக்கின்சன் நோயாளிகளுக்கான எல்-டோபா மருந்து அந்த வழியில் ஆலையில் உற்பத்தியானது. 2001 நோபல் பரிசில் ஷார்ப்லஸோடும் றியோஜி நொயோரியோடும் அவருக்கும் பங்கு கிடைத்தது.

ஆலை ஆய்வுகூடத்தில் காலம் கழித்த எனக்கு நோல்ஸின் கதை மிகவும் பிடிக்கும். ஆலைக்காரன் அறிவியல் செய்ய மாட்டான் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அவருடைய பெயரைச் சொல்லுங்கள். உங்களுக்கு வருவது 15 என்றால் 15 என்றே எழுதுங்கள். அதைத் திருத்திப் பெரிதாக்குகிறவனுக்கு அடுத்த படி எது என்று ஒருபோதும் தெரியாது.

8. அரைக் கதையைக் காவித் திரியாதீர்கள்.

தலிடோமைட்டு மருந்தைப் பற்றி எல்லா வகுப்பிலும் ஒரு கதை சொல்வார்கள்: ஒரு கை தூக்க மருந்து, மறு கை நஞ்சு, நல்ல கையை மட்டும் கொடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று. முதல் பாதியோடு நின்றுவிடாதீர்கள். அந்த மூலக்கூறின் இரண்டு கைகளும் உடம்புக்குள்ளேயே ஒன்று மற்றதாக மாறிக்கொள்ளும். தூய நல்ல கையைக் கொடுத்தாலும் தாயின் இரத்தத்தில் மற்றதும் உருவாகிவிடும். 1957 தொடக்கம் 1961 வரை விற்ற அந்த மருந்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் குறைந்து பிறந்தார்கள். அவர்களை உதாரணம் காட்டும்போது உண்மையை முழுதாகச் சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

மருந்தின் ஒவ்வொரு கையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்பது அமெரிக்க மருந்து நிருவாகத்தின் கொள்கையாக 1992 இல் வந்தது. கையைப் பிரிப்பது மட்டும் போதாது. பிரித்த கை அப்படியே நிற்குமா என்றும் பார்க்க வேண்டும்.

9. மலிவான பொருளில் நல்ல வழி தேடுங்கள்; மேற்கோள் எண்ணிக்கையின் பின்னால் ஓடாதீர்கள்.

கரம் போட்டில் காய் வழுக்கத் தூவுகிற வெள்ளைத் தூள் போரிக்கமிலம். 1999 இல் பெரியசாமியின் கூட்டம் அந்தப் போரிக்கமிலத்தையும் ஒரு கை அமீனையும் கொண்டு பைநப்தோல் என்ற மூலக்கூறின் இரண்டு கைகளைப் பிரிக்கும் முறையை வெளியிட்டது. சமச்சீரற்ற ஊக்கிகள் பலவற்றுக்கு முதுகெலும்பு அந்த மூலக்கூறு. ஒரு கை சிக்கலாகி வீழ்படிவாகும், மறு கை கரைசலில் நிற்கும். வடித்துப் பிரித்து, அமிலம் விட்டு உடைத்தால் இரண்டும் கிடைக்கும். பணம் குறைந்த ஆய்வுகூடத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசியுங்கள்.

ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று இப்போது கணினி நொடியில் எண்ணிச் சொல்லும். அந்த எண்ணுக்காகவே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற இதழ்களும் வந்துவிட்டன. அவர்களுடைய மின்னஞ்சலுக்குப் பதில் போடாதீர்கள். 1921 இல் தொடங்கிய ஓர்கானிக் சிந்தசிஸ் என்ற வெளியீட்டின் வழக்கத்தை அறிந்துகொள்ளுங்கள். அங்கே ஒரு செய்முறை அச்சாக முன்னம் வேறொரு ஆய்வுகூடம் அதைச் செய்து பார்க்க வேண்டும். அங்கே நடக்காவிட்டால் அச்சாகாது. உங்கள் கட்டுரை எந்த இதழுக்குப் போனாலும் அந்தச் சோதனைக்குத் தகுதியாக எழுதுங்கள்: எத்தனை கிராம், எத்தனை மில்லிலீற்றர், எவ்வளவு நேரம், என்ன நிறம், எங்கே பிழைக்கும்.

10. முன்னால் நின்றவர்களின் பெயரைச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு எழுதி வையுங்கள்.

பைனீனிலிருந்து வந்த டிப்-குளோரைட்டு என்ற தாழ்த்துங்கருவியைப் பிரவுணின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். 1985 இல் அது வெளிவந்த கட்டுரையில் பிரவுணின் பெயருக்கு முன்னால் சந்திரசேகரன், ராமச்சந்திரன் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. போரோஐதரைட்டு-அயடீன் கட்டுரையிலும் முதலில் நிற்பது மாணவரின் பெயர்தான். மேசையில் இரவு பகலாக நின்றவர்கள் அவர்கள். உங்களுக்குப் போத்தல் கழுவித் தந்தவரையும், பழுதான கருவியைத் திருத்தித் தந்தவரையும் நன்றிப் பகுதியில் எழுதுங்கள். நாளைக்கு உங்களிடம் ஒரு மாணவி வந்தால் அவளுடைய பெயரை முதலில் போடுங்கள்.

பெரியசாமியை நான் நேரில் கண்டதில்லை. அவருடைய கட்டுரைகளின் மொத்தத் தொகையும் எனக்குத் தேவைப்படவில்லை. முன்பின் அறியாத ஒருவர் தூரத்து ஊரில் அந்த இரண்டு பக்கத்தைப் படித்துச் செய்தால் நடக்கிறது என்பது எனக்குப் போதும். தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: இன்னொருவர் கையிலும் நடக்கிற ஒரு கட்டுரை எழுது.

பட்டம் முடித்து வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் குறிப்பேட்டின் ஒரு பிரதியைத் தமிழில் எழுதி இந்த விறாந்தைக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த வருஷம் உயர்தரம் எழுதப் போகிற பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்து பழகட்டும்.